பாளை சீவுகிறவருக்கு ஒரு பெயர்

புதுச்சேரியில் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கும், இந்த ஊர்ச் செய்திகளைத் தமிழில் எழுதும் நிருபர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,



ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பற்றியும் பேச வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரெஞ்சில் ‘விஞ்ஞெரோன்’ என்பார்கள். உங்களில் பலர் லிசேயிலோ அலியான்ஸிலோ பிரெஞ்சு படித்தவர்கள். இந்தச் சொல்லைக் கதைகளிலும் பயணக் கட்டுரைகளிலும் உணவகப் பட்டியல்களிலும் பார்த்திருப்பீர்கள். தமிழில் இது பெரும்பாலும் ‘ஒயின் தயாரிப்பாளர்’ என்றோ ‘மது உற்பத்தியாளர்’ என்றோ ஆகிவிடுகிறது. அச்சில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்தத் தமிழ்த் தொடரைப் படிக்கிற வில்லியனூர் வாசகருக்கு என்ன தோன்றும்? புகைபோக்கி வைத்த ஒரு வடிசாலையும், அதன் முதலாளியும், வாசலில் நிற்கும் லாரிகளும்தான் தோன்றும். விஞ்ஞெரோன் அப்படிப்பட்டவர் இல்லை.

அந்தச் சொல்லுக்குள் ‘வீஞ்’ இருக்கிறது, அதாவது திராட்சைக் கொடி. குளிர்காலத்தில் விரல் விறைக்க நின்று கொடியைக் கவாத்து செய்பவர் அவர். செப்டம்பர் வாக்கில் பழம் பறித்து, பிழிந்து, புளிக்கவைத்து, நிலவறையில் பீப்பாயில் ஊற்றிக் காத்திருப்பவரும் அவரே. மண்ணில் குனிகிற கையும் பீப்பாயைத் தட்டிப் பார்க்கிற கையும் ஒரே கை. பழம் மட்டும் விளைவிப்பவரைக் குறிக்க ‘வித்திகுல்த்தேர்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். மொத்தமாக வாங்கி, கலந்து, தன் பெயரில் விற்பவர் ‘நெகோசியான்’. படித்துப் பட்டம் வாங்கி ஆலோசனை சொல்பவர் ‘எனோலோக்’. பட்டமில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1955இல் சட்டமே போட்டார்கள். யார் விளைவிக்கிறார், யார் ஆக்குகிறார், யார் விற்கிறார் என்பது அங்கே ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். மூன்றையும் ‘தயாரிப்பாளர்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் மூலத்தில் இருந்த மனிதர் காணாமல் போகிறார்.

ஆங்கிலத்தில் இதற்கு நிகராகப் பரவலாகப் புழங்கும் ஒற்றைச் சொல் இல்லை. ‘வின்ட்னர்’ என்று ஒன்று உண்டு. அது முதலில் வணிகரைக் குறித்தது. 1363இல் மூன்றாம் எட்வர்டிடம் பட்டயம் பெற்ற லண்டன் வின்ட்னர் சங்கம் ஒயின் இறக்குமதி செய்து விற்றவர்களின் சங்கம். பின்னாளில் அமெரிக்காவில் அதே சொல் ஆக்குபவரையும் குறிக்கத் தொடங்கியது. நமக்கு ஆங்கில அகராதி வழியாகவே பிரெஞ்சைப் பார்த்துப் பழக்கமாகிவிட்டது. விஞ்ஞெரோன் ஆங்கிலத்தில் ‘ஒயின்மேக்கர்’ ஆகி, அங்கிருந்து தமிழில் தயாரிப்பாளர் ஆகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சோடு நேரடியாகப் புழங்கிய ஊர் நம்முடையது. முசே, துய்ப்புயி என்ற இரண்டு பாதிரிமார் தமிழ்–பிரெஞ்சுப் பேரகராதியை 1855 முதல் இங்கேயே மிஷன் அச்சகத்தில் அச்சிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சுற்றுவழி எதற்கு?

‘ஒயின்’ என்ற சொல்லுக்கு நம் தெருவில் நேர்ந்தது வேறு கதை. ‘ஒயின்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளில் பிராந்தியும் ரம்மும் விஸ்கியும் பீரும் அடுக்கியிருக்கும். திராட்சை ஒயின் ஒரு மூலையில் இருந்தால் உண்டு. ‘ஒயின் ஷாப்புக்குப் போனான்’ என்றால் அவன் என்ன குடித்தான் என்று யாருக்கும் தெரியாது. பிரான்சிலோ 1889லேயே நாடாளுமன்றம் கூடி, ஒயின் என்றால் புதுத் திராட்சை புளித்தது மட்டும்தான், வேறெதற்கும் அந்தப் பெயர் ஆகாது என்று சட்டமாக எழுதியது. ஆகவே ‘ஒயின் தயாரிப்பாளர்’ என்று நீங்கள் எழுதும்போது இரண்டு தவறு நேர்கிறது. ஒயின் நம் ஊரில் எதுவாகவும் இருக்கலாம். தயாரிப்பாளரும் யாராகவும் இருக்கலாம்.

பைபிள் மொழிபெயர்த்தவர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தன்னைத் திராட்சைச் செடியாகவும் தந்தையை அதைப் பேணுபவராகவும் சொல்கிறார். லூயி செகோன் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அந்தத் தந்தைக்கு உரிய சொல் விஞ்ஞெரோன். பழைய தமிழ் பைபிளில் அவர் திராட்சத்தோட்டக்காரர். கத்தோலிக்கரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் நட்டு வளர்ப்பவர். எதிலும் கடவுள் ‘தயாரிப்பாளர்’ ஆகவில்லை. செடியை விட்டு அவரைப் பிரிக்கவில்லை. நம் ஊர்க் கோவில்களில் பூசைக்கு வைக்கும் இரசம் சுத்தமான திராட்சையிலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. எதிலிருந்து வந்தது என்பதை அறிந்து பெயர் சொல்கிற பழக்கம் நமக்கு அந்நியமே இல்லை.

விஞ்ஞெரோனுக்குப் பிரான்சில் இன்று ஒரு மரியாதை உண்டு. ஜனவரி 22ஐ ஒட்டி அவர்களுடைய காவலரான புனித வின்சென்டுக்குப் பர்கண்டி ஊர்களில் பவனி நடக்கும். ஆனால் அந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை. 1907இல் என்ன நடந்தது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தாலும் இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி பிரெஞ்சுக் கொடிகளை வேரோடு அழித்தது. ஒயினுக்குத் தட்டுப்பாடு. உடனே வியாபாரிகள் சர்க்கரைக் கரைசலையும் உலர்ந்த திராட்சையையும் வைத்துப் போலி ஒயின் காய்ச்சத் தொடங்கினார்கள். தோட்டங்கள் மீண்டு நல்ல விளைச்சல் வந்த பிறகும் போலி நிற்கவில்லை. விலை சரிந்தது. தெற்கே லாங்கடாக் பகுதியில் விளைவித்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்பொன் நகருக்கு நடந்தார்கள். அவர்களை அழைத்துப் போனவர் மார்சலென் அல்பெர். விஞ்ஞெரோனும் அவர்தான், ஊரில் சிறு காப்பிக்கடை வைத்திருந்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு நகரமாகக் கூட்டம் பெருகியது. ஜூன் 9 அன்று மோன்பெலியேவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அல்பெரைப் பஞ்சைப் பராரிகளின் அரசன் என்று அழைத்தார்கள்.  அரசு துருப்புகளை இறக்கியது. நார்பொன்னில் துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயின. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே நிறைந்த 17ஆம் காலாட்படை கலகம் செய்து துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தது. ஜூன் 29 அன்று கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. செப்டம்பரில் விஞ்ஞெரோன்களின் கூட்டமைப்பு நார்பொன்னில் பிறந்தது.

அவர்கள் கேட்டது குடிக்கும் உரிமை இல்லை. எங்கள் கொடியிலிருந்து வந்ததற்கு எங்கள் பெயர், போலிக்கு அந்தப் பெயர் கூடாது என்பதுதான் கோரிக்கை. விஞ்ஞெரோன் என்று எழுதினால் இந்த வரலாறும் கூடவே வருகிறது. தயாரிப்பாளர் என்று எழுதினால் அன்று போலி காய்ச்சியவரையும் அந்தச் சொல் தாராளமாக அணைத்துக்கொள்ளும்.

இனி நம் கரைக்கு வருவோம். மொழிபெயர்ப்புக் குறையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்த்தால் தெரிகிற ஒரு குறைதான் இந்த மடலுக்குக் காரணம்.

அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடலோரத்து ஒயின் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். அந்தச் சாடிகளில் பெரும்பகுதி கிரேக்கத் தீவான கோஸின் வகை என்று ஆய்ந்து சொன்னார்கள். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். உப்பு கரித்த அந்த ஒயின் நம் ஆற்றுமுகத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. அதே இடத்தில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புக் கிண்ணங்களும் கிடைத்தன. அவற்றின் அடியில் விபி, காமுரி, இட்டா என்று முத்திரைகள். மண் பிசைந்த பட்டறைகளின் பெயர்கள் அவை. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் ஒரு கிண்ணம் யார் பட்டறையில் பிறந்தது என்று வாசிக்க முடிகிறது.

நம் பக்கத்தில் ஆக்கியவர் யார்? சிறுபாணாற்றுப்படையில் அதற்கு ஓர் அழகான விடை உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனார், எயிற்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள் ஒட்டகம் படுத்துறங்குவதுபோல் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கித் தீ மூட்டி, அந்த நுளையர் மகள் பழந்தேறலை அரித்து எடுக்கிறாள். பரதவர் அதைப் பாணர்க்கு ஊட்டுகிறார்கள். எயிற்பட்டினம் என்பது இங்கிருந்து வடக்கே போனால் வரும் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அவள் முகத்தின் அழகு பாட்டில் இருக்கிறது. எரித்த விறகு என்னவென்றும் இருக்கிறது. செய்கிறவளை அருகிலிருந்து பார்த்து எழுதிய கவி அவர். பெரும்பாணாற்றுப்படையிலும் கள் அடும் மகளிர் வருகிறார்கள்.

பின்னால் நிகண்டுகளுக்கு வந்தால் சொற்கள் நிறைய இருக்கின்றன: துவசர், பிழியர், படுவர். ஆனால் பொருள் என்னவோ கள் விற்பவர் என்றுதான் போட்டிருக்கிறது. பிழியர் என்ற சொல்லுக்குள் பிழிகிற கை இருந்தும் அகராதியில் அது விற்கிற கையாகிவிட்டது. ஆக்குபவரைப் பார்த்த கண் எங்கோ வழியில் கடையைப் பார்க்கத் திரும்பியிருக்கிறது. இன்று வரை அது கடையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் செய்திகளை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரியில் கள்ளும் சாராயமும் 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்கீழ் நடப்பவை. கள்ளுக்கடை ஏலம், சாராயக்கடை ஏலம், ஏலம் எடுத்தவர், குத்தகைதாரர், உரிமம், கிஸ்தி பாக்கி, கலால் துறை வருவாய். இத்தனை சொற்களும் உங்கள் விரல் நுனியில் இருக்கின்றன; ஒவ்வொன்றும் சரியாகவும் எழுதப்படுகிறது. ஏலத்தில் கடை இவ்வளவுக்குப் போனது என்ற செய்தியில், அந்தக் கடையில் விற்கிற கள்ளை மரத்திலிருந்து யார் இறக்கினார் என்று ஒரு வரி கிடைப்பதில்லை. அவர் செய்தியில் வருவதற்கு ஒரே வழி மரத்திலிருந்து விழுவதுதான். விழுந்தாலும் ‘மரம் ஏறும் தொழிலாளி பலி’ என்று வரும்.

அவர் செய்வது என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விடியும் முன்பே பனையடியில் நிற்பார். காலில் தளை, இடுப்பில் பெட்டி. பெட்டிக்குள் பாளை அரிவாள், அதைத் தீட்ட ஒரு கட்டை. அந்த அரிவாளை அவர் வேறு எதற்கும் எடுக்க மாட்டார், பிறர் கையிலும் கொடுக்க மாட்டார். பருவம் தையில் தொடங்கி ஆடி வரை இழுக்கும். ஆண் பனை என்றால் பாளை விரிந்து பூக்கும் முன்பே அதன் கதிர்களைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்ற கருவியால் பதமாக நசுக்கிக்கொண்டே வர வேண்டும். பலமாக நசுக்கினால் பாளை செத்துப்போகும். கை தளர்ந்தால் சொட்டாது. சில நாள் இப்படிப் பழக்கிய பிறகு நுனியைச் சீவுவார். சீவல் வெங்காயத் தோல்போல் மெல்லியதாக விழ வேண்டும். தடிமனாகச் சீவினால் அந்தப் பாளை பருவம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் காயம் ஆறிப்போய்ச் சொட்டு நின்றுவிடும். அதனால்தான் காலையும் மாலையும் ஏற்றம். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் கல்யாணம் என்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும். தென்னையில் முறை சற்று வேறு: விரியாத பாளையை இறுக்கிக் கட்டி, மெதுவாகத் தட்டித் தட்டிச் சொட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டே பாளை பதமாகிவிட்டதா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கீழே வந்த பிறகுதான் சாறு கள்ளாகிறது என்று நினைக்கக் கூடாது. கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு நிற்கும், அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து ஏறும். திராட்சை ஒயினில் அது பன்னிரண்டு பதின்மூன்றாக இருக்கும். மறுநாள் கள் புளித்துக் காடியின் பக்கம் போய்விடும். விஞ்ஞெரோன் தன் சீசாவில் ஆண்டைப் பொறிக்கலாம். பனையேறிக்குக் கிடைப்பது ஒரு பகல். கலயத்தின் அடியில் பழைய கள்ளை எவ்வளவு விடலாம், எந்த நேரத்தில் இறக்கலாம், எந்த மரத்துக் கள் எப்போது கடுக்கும் என்பதெல்லாம் அவர் கணக்கு. இதில் விளைச்சல், ஆக்கம் இரண்டும் ஒரே ஆளிடம். பிரெஞ்சுச் சொல்லின் இலக்கணத்துக்கு இவரைவிடப் பொருத்தமாக நம் மண்ணில் யாரைக் காட்டுவீர்கள்?

அவருக்குத் தமிழில் பெயர் இல்லாமலும் இல்லை. பனையேறி. விஞ்ஞெரோனுக்குள் கொடி இருப்பதுபோல் இந்தச் சொல்லுக்குள் பனை இருக்கிறது. பிறகு ஏன் அது செய்தியில் வருவதில்லை என்றால் காரணம் நமக்குத் தெரியும். அந்தச் சொல்லை வசையாக்கி வைத்திருந்தோம். சாதியைச் சொல்லித் திட்டுவதற்குப் பனையேறி, மரமேறி என்று வாய்கூசாமல் சொன்னார்கள். படித்து மேலே வந்தவர்களைக்கூட அதைச் சொல்லியே குத்தினார்கள். தொழிலின் பெயர் காயமாக மாறிப்போனதால், அதை நல்லெண்ணத்தோடு தவிர்க்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காலம் மாறியிருக்கிறது. எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டம் நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே இளைஞர்கள் தங்களைப் பனையேறிகள் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். பனைக்கென்று திருவிழா எடுக்கிறார்கள். படித்த பிள்ளைகள் தளை கட்டி ஏறுகிறார்கள். தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டவரிடம் போய் ‘தொழிலாளி’ என்று மழுப்புவது மரியாதையாகாது.

நம் ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே இதற்கு முன்மாதிரி உண்டு. மாஹேயில் மலையாளம். அங்கே கள் எடுப்பவர் ‘செத்துக்காரன்’. செத்து என்றால் சீவுதல். யானத்தில் தெலுங்கு. அங்கே அவர் ‘கீத’த் தொழிலாளி, கீறுவதிலிருந்து வந்த சொல். இரண்டு மொழியும் அவர் கத்தியின் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. மாஹேயைச் சுற்றியிருக்கும் கேரளம் 1969லேயே கள் தொழிலாளர் நலநிதிக்குச் சட்டம் இயற்றியது. அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியதால்தான் வயதான காலத்தில் அவருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று வந்தது. பெயர் இருக்கிற இடத்தில் உரிமை கேட்க முடிகிறது. இங்கோ பதிவேடு கடைக்காரர் பெயரில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் கடினம். 1987 ஜனவரி முதல் அங்கே கள்ளுக்குத் தடை. நம் எல்லை நேர்கோடாக ஓடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வயல் நம்முடையது, அடுத்த வயல் விழுப்புரத்துடையது அல்லது கடலூருடையது. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி ஒரே பருவத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்து அண்ணன் உரிமம் பெற்ற கடைக்குக் கள் கொடுப்பவர், அந்தப் பக்கத்துத் தம்பி வழக்குப் பதிவான குற்றவாளி. தம்பி கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர் வியாபாரி. இதையெல்லாம் தாண்டி இருவரையும் ஒரே சொல்லால் அழைக்க முடியுமென்றால் அது பனையேறி என்பது மட்டும்தான். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

குடியைப் பரப்புகிறாயா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே எழுதினார். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். பெரியார் தன் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1929இல் ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குக்காகவே நடத்தினார். 1937 அக்டோபரில் சேலத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடியால் குலைந்த வீடுகளை நானும் இந்த ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மது கூடாது என்று கடைசி வரை வாதாடுங்கள். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கூடாது என்று சொல்லும்போதும் எது, யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் செத்தவர்களைக் கொன்றது மெத்தனால். அது பீப்பாய்களில் வருகிற தொழிற்சாலைச் சரக்கு. அதில் பாளையும் இல்லை, கலயமும் இல்லை. ஆனால் அந்த நாட்களின் தலைப்புகளில் கள்ளச்சாராயமும் கள்ளும் ஒன்றுக்கொன்று மாறி வந்ததைப் பார்த்தேன். கள்ளச்சாராயம் என்றால் களவாகக் காய்ச்சிய சாராயம். கள்ளுக்கும் அதற்கும் ஒலியில் மட்டும்தான் உறவு. மரக்காணம் நத்தத்தனார் பாடிய கரை. அங்கே கூலிக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் விஷம் குடித்துச் செத்தபோது, அதை விற்றவர் யார் என்பது வாசகருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். சொல் கலங்கினால் பழி இடம் மாறுகிறது. மரத்தின் உச்சியில் இருந்தவர் மேல் போய் விழுகிறது.

கலப்படம் கள்ளிலும் நடக்கிறது, மறைக்கப் போவதில்லை. குளோரல் ஹைட்ரேட்டும் தூக்க மாத்திரைத் தூளும் கள்ளில் சேர்ந்ததாகப் பல மாநிலங்களில் வழக்குகள் உண்டு. ஆனால் அது எங்கே சேர்கிறது என்று கேளுங்கள். ஏறி இறங்குகிறவருக்கு அளவுக்கு மேல் கள்ளைப் பெருக்கத் தெரியாது. மரம் சொட்டுகிற அளவுதான் அவர் அளவு. தோப்புக்கும் கடைக்கும் நடுவில்தான் தண்ணீரும் தூளும் நுழைய இடமிருக்கிறது. 1907இல் லாங்கடாக்கில் நடந்ததும் இதே சண்டைதான். விளைவித்தவன் ஒருபக்கம், பெருக்கி விற்றவன் மறுபக்கம். அங்கே பத்திரிகைகளும் சட்டமும் கடைசியில் இருவரையும் வெவ்வேறு பெயரால் அழைக்கக் கற்றுக்கொண்டன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களே, விஞ்ஞெரோன் வரும்போது தயாரிப்பாளரைக் கைவிடுங்கள். ‘திராட்சைக் குடியானவர்’ என்று எழுதிப் பார்க்கலாம். மண்ணும் குடும்பமும் அதில் சேர்ந்து வருகின்றன. கதையில் அவர் பீப்பாயோடு நிற்கிற இடமானால் ‘தன் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் ஆக்குபவர்’ என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு குடியானவர் என்றே தொடரலாம். இதைவிட நல்ல சொல் உங்களுக்குக் கிடைத்தால் அதையே வையுங்கள். செடி அதில் இருக்கட்டும், அது போதும். நெகோசியானுக்கு ‘ஒயின் வணிகர்’ தாராளமாகப் பொருந்தும். எனோலோக் பட்டம் பெற்ற வல்லுநர். அவரை வல்லுநர் என்றே சொல்லுங்கள்.

நிருபர்களே, பனையில் ஏறுகிறவரைப் பனையேறி என்று எழுதுங்கள். தென்னையில் என்றால் பாளை சீவுபவர். எழுதும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்: உங்களை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று. வேறு பெயர் சொன்னால் அதைப் போடுங்கள். கள்ளையும் கள்ளச்சாராயத்தையும் தலைப்பில்கூடக் கலக்காதீர்கள். இடம் போதவில்லை என்பது அதற்குச் சமாதானமாகாது. அடுத்த முறை கள்ளுக்கடை ஏலச் செய்தி எழுதும்போது பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ ஒரு தோப்புக்குப் போய், அந்தக் கடைகளுக்குக் கள் இறக்குகிறவர்கள் எத்தனை பேர், ஒரு கலயத்துக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, விழுந்தால் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அதையும் ஏலத்தொகைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தை நாள்தோறும் படிக்கும் ஒரு புதுச்சேரி வாசகன்